புனிதர் இறங்கும் பலகை

மார்தேஸிடம் தொலைபேசியில் பேசுகிற எவருக்கும் முதலில் கிடைப்பது ஒரு நிபந்தனைதான்.

"பட்டணத்துல எதைப் பார்க்கணும்னாலும் கூட்டிட்டுப் போறேன். ஆனா உங்க நாற்காலிய யாரும் தூக்கக் கூடாது. நானும் விடமாட்டேன், நீங்களும் விடக் கூடாது. சம்மதமா?"

பலருக்கு இது விளங்காது. உதவிக்கு ஆள் வந்தால் நல்லதுதானே என்பார்கள். அவர்கள் வல்லெட்டாவின் ஆண்களைப் பார்த்ததில்லை.

தீவின் தலைநகரான வல்லெட்டாவை அங்கே இருப்பவர்கள் பட்டணம் என்றுதான் சொல்வார்கள். மேட்டின் மேல் நேராக ஓடுகிற பெரிய தெருவை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் கடலை நோக்கிச் சரிவு, பாதித் தெருக்களில் படிக்கட்டு. வருகிறவர்கள் அந்தப் படிகளில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். மார்தேஸுக்குப் படி என்பது படுக்க வைத்த சுவர். அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு சக்கர நாற்காலி நின்றால் போதும், எங்கிருந்தோ நாலு ஆண்கள் முளைத்துவிடுவார்கள். குடித்துக்கொண்டிருந்த காப்பியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வருவார்கள். கேட்க மாட்டார்கள். குனிவார்கள், பிடிப்பார்கள், தூக்குவார்கள்.

தூக்குவது அந்த ஊரில் பெருமை. திருவிழாவில் புனிதரின் சொரூபத்தைச் சுமப்பதற்கு அவ்வளவு போட்டி. வருஷக்கணக்கில் சுமந்தவனுக்குத் தோளில் சதை தடித்துப் புடைத்துக்கொள்ளும். அதற்கு 'ரொட்டி' என்று பெயர். மார்தேஸின் தம்பி விஸ்தீனுக்கு நல்ல பெரிய ரொட்டி. கோடையில் கடலில் குளிக்கப் போனால் அந்தத் தோளைத்தான் ஊர் பக்கம் காட்டி நிற்பான்.

மார்தேஸ் பத்தொன்பது வயதில், மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனவள், வீட்டின் உள்முற்றத்துக்குள் விழுந்தாள். உயிர் தங்கியது, கால்கள் தங்கவில்லை. வீடு மூன்றாம் மாடியில். ஞாயிறுதோறும் விஸ்தீனும் அவன் கூட்டாளிகளும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பூசைக்கு இறக்குவார்கள். அன்பாகத்தான் தூக்கினார்கள். அதனால்தான் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அவள் தலைக்கு மேலே பந்தாட்டம் பேசுவார்கள். தங்களுக்குத் தோன்றிய இடத்தில் இறக்கி வைப்பார்கள். வைத்த இடத்தில் அவள் இருப்பாள்.

ஒரு திருவிழாவன்று, ஊர் வாத்தியக்காரர்கள் கூடுகிற வாத்தியக் கழகத்தின் வாசலருகே அவளை வைத்துவிட்டு, சொரூபம் தெருமுனை திரும்பியதும் எல்லாரும் ஓடிவிட்டார்கள். அன்று மாலை முழுக்க அவள் பார்த்தது முதுகுகளைத்தான். வியர்வையும் பீருமாகத் திரும்பி வந்த விஸ்தீன், "எப்படி இருந்துச்சு அக்கா? பார்த்தியா?" என்று கண்கள் மின்னக் கேட்டான்.

"நல்லா இருந்துச்சுடா" என்றாள்.

அடுத்த ஞாயிறு அவள் பூசைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அதற்கடுத்த ஞாயிறும். அப்புறம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அம்மா இறந்த பிறகு அவளுக்குக் கீழ்த்தெரு ஒன்றில் தரைத்தளத்தில் வீடு கிடைத்தது. வாசலில் படி இல்லை. முதல் நாள் காலை தானே கதவைத் திறந்து, தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். எங்கே போவது என்று ஒரு யோசனையும் இல்லை. சும்மா தெருமுனை வரை போய்த் திரும்பினாள். அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

பட்டணத்தை அவள் தெருவாகப் படிக்கவில்லை, கட்டடமாகப் படித்தாள். சரிவில் கட்டிய ஊர் என்பதால் ஒரே கட்டடத்துக்கு மேல்தெருவில் ஒரு வாசல், கீழ்த்தெருவில் ஒரு வாசல் இருக்கும். துணிக்கடைக்குள் கீழ்வாசலில் புகுந்து, சரக்கு லிஃப்டில் ஏறி, மேலே பட்டுத்துணிகளுக்கு நடுவே வெளியே வரலாம். வக்கீல்கள் இருக்கும் கட்டடத்துக் காவலாளிக்குக் கொஞ்சம் ஊர்வம்பு கொடுத்தால் லிஃப்டைத் திறந்துவிடுவான். தோட்டத்து ஓரத்தில் துறைமுகம் வரை இறங்குகிற உயரமான லிஃப்ட் இருக்கிறது. இவற்றையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டாள். அவள் துறைமுகத்தில் இருந்து மேலே வந்து சேர்ந்ததைப் பார்த்த ஒரு வெளியூர்க்காரர், அவரும் நாற்காலியில் இருந்தவர், "எந்த வழியா வந்தீங்க?" என்று கேட்டார். அவள் காட்டினாள். அவர் ஊருக்குப் போய் இன்னொருவரிடம் சொன்னார். அதுவே அவளுக்குத் தொழிலாகிவிட்டது.

"மேயரம்மா கிளம்பிட்டாங்க" என்று விஸ்தீன் கிண்டல் செய்வான். கழகத்துக் கடையில் காப்பி ஊற்றுவது அவன் வேலை. "நாலு பேர் கைய வெச்சா அரை நிமிஷத்துல முடியற விஷயம். அதுக்குத் துணிக்கடை, வக்கீலு, சரக்கு லிஃப்டு!"

"கைய வெக்கறதுக்கு முன்னாடி வாயத் திறந்து கேளுடா. அப்புறம் பேசலாம்."

"கேட்டா நீ வேண்டாம்ப."

"அதுக்குத்தானே கேக்கறது."

நுன்சியா வந்தது வெயில் கொளுத்துகிற ஒரு திருவிழா நாளில். எதிர்க்கரையில் சிசிலியின் பொட்சாலோ என்ற ஊரில் மீன் விற்றுக் காலம் தள்ளியவள். வயதும் உடம்பும் கனத்துப்போய் இப்போது பேட்டரி நாற்காலியில் இருந்தாள். படகிலிருந்து தனியாக இறங்கினாள், மடியில் ஒரு பெரிய கைப்பை. மார்தேஸ் சின்ன வயதில் இத்தாலியத் தொலைக்காட்சி பார்த்தே அந்த மொழியைப் படித்தவள். அதனால் பேச்சுக்குக் குறையில்லை.

நுன்சியாவுக்குக் கோட்டையும் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். கீழ்த்தெருக் கோயிலில் சான் அனார்ட் சொரூபம் மாடத்தை விட்டு இறங்குவதை மட்டும் பார்க்க வேண்டும். கையில் அறுந்த சங்கிலியோடு நிற்கிற புனிதர். சிறையில் இருப்பவர்களுக்குக் காவல்.

துணிக்கடை லிஃப்டில் இருவரும் நெருக்கியடித்து ஏறும்போதுதான் அவள் காரணத்தைச் சொன்னாள்.

"என் பையன் உள்ள இருக்கான், மகளே. செய்யக்கூடாததச் செஞ்சான், இருக்கட்டும். நான் அவன வெளிய விடச் சொல்லிக் கேக்க வரல. அங்க அவன் யார்கிட்டயும் பேச மாட்டேங்கறான். நான் போனாலும் சுவரப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கான். ஒரு வார்த்தை பேசட்டும். அதத்தான் கேக்கணும்."

"சொரூபம் தெருவுக்கு வரும்மா. அப்பக் கேட்டா ஆகாதா?"

"தெருவுல ஊரே கேக்கும். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போறப்போ, தெருவுக்கு இறங்கிட்டா எதச் சொன்னாலும் மறந்துருவாரு. வாசல்ல செருப்பு மாட்டறப்போ சொல்லணும். அப்பச் சொன்னாத்தான் மனசுல நிக்கும். புனிதரும் ஆம்பளதானே?"

மார்தேஸ் சிரித்துவிட்டாள். "கவலப்படாதீங்க. கோயிலுக்குப் பக்கவாட்டுல ஒரு முற்றத்துக் கதவு இருக்கு. படியே கிடையாது. நான் அதுலதான் போய் வர்றேன். உங்க சக்கரம் தரைய விட்டு எழும்பாது. இது என் வாக்கு."

கோயிலை அடைந்தபோது பிற்பகல். தெரு முழுக்கச் சிவப்புப் பட்டுத் தொங்கல்கள். மார்தேஸ் பக்கச் சந்துக்குள் திரும்பினாள், நாற்காலியை நிறுத்தினாள்.

முற்றத்துக் கதவுக்கு முன்னால் ஒரு தேவதை நின்றது. ஆள் உயரத்துக்கு மரப்பீடம், அதன் மேல் தங்கப் பூச்சுப் பூசிய தேவதை, கையில் எக்காளம். பீடத்தைச் சுவரோடு திருகாணியால் முடுக்கியிருந்தார்கள்.

கோயில் முன்படிகளில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த சுமப்பவர்களுக்கு நடுவே விஸ்தீனும் இருந்தான். "டேய், இங்க வா" என்று மார்தேஸ் கூப்பிட்ட குரலில் மூன்று பேர் எழுந்துவிட்டார்கள்.

"இத யாருடா இங்க வெச்சது?"

"நாங்கதான். எப்பவும் வெக்கற இடத்துல இந்த வருஷம் நூகா மிட்டாய்க் கடை வந்துருச்சு. இந்தக் கதவ யாரு உபயோகப்படுத்தறா?"

"நான்."

விஸ்தீன் தேவதையையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தான். கழுத்தைச் சொறிந்துகொண்டான். பிறகு முகம் வெளிச்சமாகிவிட்டது. அவனுக்குத் தெரிந்த வழி ஒன்று இருந்தது.

"இதுக்குப் போய் ஏன் அக்கா கோவப்படற? அம்மாவ முன்வாசல் வழியாவே கொண்டு போயிடலாம். பசங்களா, வாங்கடா!"

"விஸ்தீன், வேண்டாம்!"

அதற்குள் அவனோடு சேர்ந்து நாலு பேர் நுன்சியாவைச் சூழ்ந்துவிட்டார்கள். அவள் சிசிலிப் பேச்சில் ஏதோ கத்தினாள். திருவிழா உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு அவர்களும் கத்தினார்கள். சொரூபத்தைச் சுமக்கிற கம்பைப் பிடிக்கிற பழக்கத்தில், கைக்கு அகப்பட்டதைப் பிடித்து ஒரே தம்மில் எழுப்பினார்கள். பேட்டரி நாற்காலியின் கைப்பிடி பிடித்துத் தூக்குவதற்கு இல்லை. அது மேலே இழுத்தால் கழன்று வருகிற மாதிரிச் செய்தது. இடப்பக்கக் கைப்பிடி அப்படியே விஸ்தீனின் கையோடு வந்தது. நாற்காலி ஒருபக்கம் சாய்ந்தது, ஆடியது, 'தொம்' என்று தரையில் உட்கார்ந்தது.

பிறகு நுன்சியா ஆரம்பித்தாள்.

"என்னைப் பார்த்தா சூரை மீன் மாதிரி இருக்கா? கூடையில போட்டுத் தூக்கிட்டுப் போற சரக்கா நான்? அட, மீனத் தூக்கறவன்கூட வால் எது தல எதுன்னு பார்த்துத் தூக்குவான்டா!"

மொழி புரிந்தவன் புரியாதவன் எல்லாருமே தலையைக் குனிந்துகொண்டார்கள். விஸ்தீன் கைப்பிடியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான். நல்ல வேளை, நாற்காலியை ஓட்டுகிற விசை வலப்பக்கம் இருந்தது. ஒருவன் குனிந்து இடப்பக்கக் கைப்பிடியை மறுபடி செருகினான்.

நுன்சியா திட்டி முடித்துக் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"போகட்டும் விடு, மகளே" என்றாள் நுன்சியா தாழ்ந்த குரலில். "நான் தெருவுலயே இருக்கேன். வெளிய வர்றப்போ பார்த்துக்கறேன்."

தெருவில் இருந்தால் என்ன தெரியும் என்பது மார்தேஸுக்குத் தெரியும். முதுகுகள் தெரியும்.

அவள் படிகளைப் பார்த்தாள். அகலமான, உயரம் குறைந்த சில படிகள்தான். யாருக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் மணி அடிக்கும், கதவு நிறையும், அந்தப் பெண் கடல் தாண்டி வந்த காரியம் அவள் கண்ணுக்குத் தெரியாமலே நடந்து முடியும். 'இது என் வாக்கு' என்று சொன்ன தன் குரல் மார்தேஸுக்குத் தன் காதிலேயே கேட்டது.

அப்போது கோயிலுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. உருண்டு வந்து, லேசாகக் கிறீச்சிட்டு, மரத்தின் மேல் கடகடவென்று இறங்குகிற சத்தம்.

மார்தேஸ் தலையைத் திருப்பினாள். அந்தச் சத்தத்தை அவளால் வேறு எதுவாகவும் நினைக்க முடியாது. கடைகளின் வாசலில், கிடங்குகளின் சரிவில், தினமும் தனக்குக் கீழே கேட்கிற சத்தம் அது.

"உள்ள என்னடா உருளுது?"

"அதுவா, ஃபொன்சு பரிசோதிக்கறாரு. மாடத்துல இருந்து கீழ வர்ற பலகை. சாயங்காலம் புனிதர் வர்றப்போ சக்கரம் சிக்கக் கூடாதுல்ல?"

"சக்கரமா?"

"ஆமா. புனிதருக்கு அடியில சக்கரம் வெச்ச பீடம் இருக்கே. மாடம் உயரத்துல இருக்கு, அங்க இருந்து தோள்ல எடுக்க இடம் பத்தாது. பலகை மேல உருட்டித்தான் கீழ கொண்டு வருவோம். அப்புறம்தான் தோளு." அவன் அவள் முகத்தைப் பார்த்துத் திகைத்தான். "உனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் நடக்கறதுதானே."

"நான் எங்கடா பார்த்தேன்? எனக்கு உங்க முதுகுதானே தெரியும்."

விஸ்தீன் கோயில் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்தப் பலகை எனக்கு வேணும்" என்றாள் மார்தேஸ். "இந்தப் படி மேல."

கோயிலைப் பராமரிக்கிற கோயில்பிள்ளை ஃபொன்சு வெளியே வந்தார். ஒல்லியான மனிதர், கையில் எண்ணெய்த் துணி. விஷயத்தைக் கேட்டதும் துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"அது புனிதரோட பலகை, மார்தேஸ்! சிவப்புச் சாயம் அடிச்சு, மந்திரிச்சு வெச்சது. தெருவுல போற சக்கரத்த அதுல ஏத்தறதா?"

"அவரு சக்கரம் மட்டும் மேகத்துலயா ஓடுது, ஃபொன்சு மாமா?"

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. புள்ள, நான் சொல்றதக் கேளு. பலகை உடைஞ்சா இன்னிக்குப் புனிதர் இறங்க முடியாது. ஊர் என்னைத் தின்னுரும்."

அது உண்மையான பயம் என்று மார்தேஸுக்குப் புரிந்தது. நுன்சியாவுக்கு மொழி தெரியாவிட்டாலும் விஷயம் பிடிபட்டிருந்தது. "என்ன, என் எடையப் பத்தித்தானே பேசறாரு?" என்றாள். "அந்த ஆளுகிட்டச் சொல்லு. நான் புனிதரளவு நல்லவ இல்ல. ஆனா அவரளவு கனமும் இல்ல."

மார்தேஸ் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் படியில் இருந்த சுமப்பவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். ஃபொன்சு மட்டும் சிரிக்கவில்லை.

விஸ்தீன் முன்னே வந்தான். தன் தோளின் மேல் கையை வைத்துக்கொண்டான், ரொட்டி இருக்கிற இடத்தில்.

"மாமா, புனிதர் எவ்வளவு கனம்னு இந்தத் தோளுக்குத் தெரியும். இந்த அம்மாவோட கனமும் இப்பத்தான் என் கைக்குத் தெரிஞ்சுது. பலகை தாங்கும். தாங்கலன்னா இந்த வருஷம் என் இடத்த வேற ஒருத்தனுக்குக் குடுத்துருங்க."

இடத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு சுமப்பவன் வாயால் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. ஃபொன்சு அவனைப் பார்த்தார், நுன்சியாவைப் பார்த்தார். "பலகையத் தரையில இழுக்காதீங்கடா, சாயம் போயிரும்" என்றார்.

நாலு பேர் உள்ளே போய்ப் பலகைகளைச் சுமந்து வந்தார்கள். படிகளின் மேல் சாய்த்து, மேல்முனையைக் கதவு நிலையில் ஊன்றி, கீழே இருவர் காலால் அண்டை கொடுத்தார்கள். நுன்சியா சிலுவை போட்டுக்கொண்டு விசையைத் தள்ளினாள். பலகை முனகியது. சிவப்புச் சாயத்தின் மேல் கறுப்பாக இரண்டு கோடுகள் விழுந்தன. அவள் மேலே போய்ச் சேர்ந்தாள். அவள் யாரையும் பிடித்துக்கொள்ளவில்லை, யாரும் அவளைத் தொடவில்லை.

அடுத்து மார்தேஸ். சரிவு செங்குத்து, அவளுடையதோ கையால் உருட்டும் நாற்காலி. பாதி வரை ஏறினாள். தோள்கள் எரிந்தன. சக்கரம் ஒரு விரற்கடை பின்னால் வந்தது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவளுக்கு உடம்பு இறுகியது, இதோ பிடிக்கப் போகிறான் என்று.

பிடிக்கவில்லை. இரண்டு கைகளையும் நாற்காலிக்குச் சற்றுத் தள்ளி, காற்றில் வைத்துக்கொண்டு நின்றான் விஸ்தீன்.

"அக்கா" என்றான். "தள்ளட்டுமா?"

சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவன் காத்துக்கொண்டிருந்தான்.

"தள்ளு" என்றாள். "மெதுவா."

பலகைகள் மறுபடி மாடத்துக்குப் போயின. ஃபொன்சு அவற்றைத் துடைத்தார், கறுப்புக் கோடு முழுதாகப் போகவில்லை. மணி அடித்தது. கோயில் நிறைந்தது. ஆனால் இவர்கள் இருவரும் முன்வரிசைக்கும் முன்னால், பலகை வந்து முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தார்கள். மாடத்தின் திரை விலகியது. சான் அனார்ட் அசைந்தார். ஊர் முழுவதும் அவர் முகத்தைப் பார்த்துக் கைதட்டி ஆரவாரித்தது. மார்தேஸ் கீழே பார்த்தாள். சின்னஞ்சிறு இரும்புச் சக்கரங்கள், தடுமாறி, கிறீச்சிட்டு, தன்னுடையவை மாதிரியே ஒவ்வொரு இணைப்பிலும் தயங்கித் தயங்கி இறங்கின. பக்கத்தில் நுன்சியாவின் உதடுகள் வேகமாக அசைந்தன. பேரம் பேசுகிற மாதிரிதான் இருந்தது. ஒரு கட்டத்தில் விரலை நீட்டிக்கூடப் பேசினாள்.

பிறகு சொரூபம் தோள்களுக்கு ஏறியது. விஸ்தீன் கம்புக்கு அடியில் குனிந்து தோளைக் கொடுத்தான். வாத்தியம் முழங்க எல்லாரும் வெளியே போனார்கள். கோயில் காலியாகிவிட்டது. தரையில் காகிதத் துண்டுகள் கிடந்தன.

"சொல்லிட்டேன்" என்றாள் நுன்சியா, கைப்பையைத் தட்டிக்கொண்டு. "செருப்பு மாட்டறப்பவே சொல்லிட்டேன். இனி அவரு பாடு."

இறங்குவது எப்படி என்று அப்போதுதான் மார்தேஸுக்கு நினைவு வந்தது. தூக்க வருகிறவர்கள் எல்லாரும் ஊர்வலத்தோடு போய்விட்டார்கள். யாரைக் கூப்பிடுவது என்று வாசலைப் பார்த்தாள்.

பின்னால் ஏதோ முட்டி மோதுகிற சத்தம். ஃபொன்சு ஒரு பலகையைத் தலைமேல் வைத்துக்கொண்டு தள்ளாடி வந்தார். அதைப் படியில் சாய்த்துவிட்டு, இன்னொன்றுக்காகத் திரும்பி நடந்தார்.

"சும்மா பார்த்துக்கிட்டு இருந்தா எப்படி?" என்று போகிற போக்கில் முணுமுணுத்தார். "இந்த முனையில ஒரு கண்ணு வெச்சுக்க, நகரும். அடுத்த வருஷம் தேவதைய வேற எங்கயாவது வெக்கச் சொல்லு உன் தம்பிகிட்ட. எனக்கு முதுகு வலிக்குது."

மார்தேஸ் வாசல் விளிம்பில் நாற்காலியை நிறுத்தினாள். படிகளின் உயரத்திலிருந்து தெரு முழுதும் தெரிந்தது. தலைகளுக்கு மேலே சான் அனார்ட் சங்கிலியை ஏந்தி ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தார். கம்புக்கு அடியில் விஸ்தீனின் சிவந்த கழுத்து. தெருமுனையில் சொரூபத்தைத் தாங்குகோல்களின் மேல் இறக்கி, இளைப்பாறித் திரும்பியபோது, அவன் கோயில் வாசலை நிமிர்ந்து பார்த்தான். அக்கா எங்கே இருக்கிறாள் என்று தேடி, கண்டுபிடித்து, கையை உயர்த்தினான்.

அவளும் கையை உயர்த்தினாள்.

"பலகை தயாராகிருச்சு" என்றார் ஃபொன்சு. "யாரு மொதல்ல?"